புட்டியின் அடியில் எலும்பைக் கண்டெடுத்த உம்சுனாய் அக்காவுக்கு

உள்ளங்கைக்குள் அடங்கும் உயிர்களை உறங்காமல் காத்த உத்தமியே! அளவுக் கரண்டியை ஆயுதமாய் ஏந்திய அரசியே! முப்பத்திரண்டு ஆண்டுகள் எங்கள் மலைநகரப் பிரசவ மருத்துவமனையின் பால் அறையைக் கட்டி ஆண்டு, நாளை முதல் பேரப்பிள்ளைகளை மட்டும் அதட்டப்போகும் எங்கள் தலைமைச் செவிலியரே! உம்சுனாய் அக்காவே! வாழ்க நீங்கள், வளர்க உங்கள் குலம்!

பொறுமையில் சிறந்தவர் என்று உங்களைப் புகழ ஆசைதான். பொய் சொல்ல வாய் வரவில்லை. கை கழுவாமல் உள்ளே வந்த தலைமை மருத்துவரையே கதவுக்கு வெளியே நிறுத்தியவர் நீங்கள். தாயின் வயிற்றில் கடைசி மூன்று மாதத்தில் சேரும் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரசும் குறைமாதக் குழந்தைக்கு வாய்ப்பதில்லை, புட்டிப்பால் குடிப்பவனுக்கு அதை நாம்தான் அளந்து ஊட்டவேண்டும் என்று வந்தவர் போனவர் எல்லோருக்கும் பாடம் எடுத்தீர்கள். கொட்டாவி விட்டவர்களுக்கு மறுபடியும் முதலிலிருந்து எடுத்தீர்கள்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் தொள்ளாயிரத்து ஐம்பது கிராமில் பிறந்தான் தொக்தோ. தாய் அறுவை சிகிச்சைக்காகத் தலைநகர் பிஷ்கேக்கில் கிடந்தாள். அவனுக்குச் சாதாரணப் பால்மாவும், அதில் கலக்கும் சுண்ணாம்பு, பாஸ்பரஸ் என்ற இரண்டு சத்து மருந்துகளும்தான் உணவு. நாற்பதாம் நாள் அவன் அப்பா மரக்கரண்டியோடு வந்து, பிறந்த பிள்ளையை நாற்பது கரண்டி நீர் ஊற்றிக் குளிப்பாட்டும் நம் சடங்கை விட மனமில்லை என்று நின்றார். வெந்நீரை நீங்களே ஊற்றினீர்கள். இருபத்தேழாம் கரண்டியில் அவன் இடக்கையை நீங்கள் மெல்லத் தூக்கியதும் பிள்ளை வீறிட்டான். எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தால் கை எலும்பு முறிந்திருந்தது; மற்ற எலும்புகளும் சத்தில்லாமல் வெறும் நிழலாகத்தான் தெரிந்தன.

யாரோ முரட்டுத்தனமாகத் தூக்கியிருக்கிறார்கள் என்றார் டாக்டர் எசென்பாய். சத்து மருந்துதான் தவறாமல் போகிறதே என்றும் சொன்னார். நீங்களோ, இன்று யாரும் புட்டி கழுவக்கூடாது என்று மட்டும் உத்தரவு போட்டீர்கள். மறுநாள் காலை எட்டு வேளையின் எட்டுப் புட்டிகளும் அவர் மேசைமேல் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளைப் பொடி கட்டிப்போயிருந்தது. இரண்டு மருந்தையும் ஒரே பாலில் ஊற்றியதால் அவை ஒன்றோடொன்று சேர்ந்து அடியில் தங்கிவிட்டன. பிள்ளை குடித்தது மேலிருந்த பாலை மட்டும்தான்.

“டாக்டர், இந்தப் பையனோட எலும்பு இதோ இருக்கு. நாமதான் தினமும் கழுவி ஊத்திக்கிட்டு இருக்கோம்” என்றீர்கள்.

அன்று முதல் ஒரு வேளைப் பாலில் ஒன்று, அடுத்த வேளையில் மற்றது என்று பிரித்தீர்கள். குறைமாதக் குழந்தைகளுக்கென்றே வரும் பால்மாவை வாங்கித் தரும்வரை அலுவலகத்தில் யாரையும் நிம்மதியாகத் தேநீர் குடிக்க விடவில்லை. தொக்தோவின் எலும்பு தேறியது. அவன் தாயும் தேறி வந்து அவனைத் தூக்கிப் போனாள். போன வசந்தத்தில் அவன் கழுதையோடு ஓடைக்குள் விழுந்தானாம். “அவனுக்கு ஒண்ணும் ஆகலை, கழுதைதான் நொண்டுது” என்று அவன் அப்பா இங்கே வந்து முறையிட்டுப் போனார்.

அக்கா, இனிப் படிக்கப்போவது நேற்று உங்களிடம் காட்டிய பிரதியில் இல்லாதது. அந்தப் பாலை யார் கலந்தது என்று டாக்டர் கேட்டபோது, “பால் அறை என்னோடது, திட்டுறதா இருந்தா என்னைத் திட்டுங்க” என்றீர்கள். கண்டிப்புக் கடிதம் உங்கள் பெயரில் வந்தது, அந்த ஆண்டின் விருது வேறொருவருக்குப் போனது. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் டாக்டர் எசென்பாய் அவர்களே, அந்த எட்டுப் புட்டிகளையும் கலந்தவள் நான். வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று தினமும் இரண்டையும் ஒன்றாக ஊற்றினேன். அன்று மதியம் அழுது நின்ற என்னிடம் நீங்கள் கேட்டது ஒன்றுதான், அக்கா: “சாப்பிட்டியாடி? சாப்பிட்டுட்டு வா, எட்டுப் புட்டியும் கழுவணும்.”

பதினோரு ஆண்டுகள் என் பெயரை உங்கள் வாய் சொல்லவில்லை. இன்று நானே சொல்லிவிட்டேன், மனம் லேசாகிவிட்டது. அந்தக் கடிதத்தை இன்னும் வைத்திருந்தால் கிழித்துப் போடுங்கள், அந்த இடத்தில் இந்த மடலை மாட்டுங்கள். நோயில்லாமல், நொடியில்லாமல், குதிரைப்பாலும் குடும்பச் சிரிப்புமாக நூறாண்டு வாழ்க!

பால் அறைப் பணியாளர்கள் அனைவர் சார்பிலும்,
அனார்குல்
இன்று முதல் பால் அறையின் பொறுப்பாளர். திட்டுவதானால் என்னைத் திட்டலாம்.