டேங்கில் இரண்டு தட்டு

உங்கள் வண்டியின் பின் ஷாக் அப்சார்பரில் ஆயில் கசிகிறது, ஐயா. காலையில் ஸ்டேஷனுக்குள் வரும்போது வாசலில் நின்றதைப் பார்த்தேன். அடுத்த மழைக்குள் மாற்றிவிடுங்கள். பேப்பரையும் பேனாவையும் கொடுத்து நடந்ததைக் கோர்வையாக எழுதச் சொன்னீர்கள். இவன் எதையோ எழுதுகிறானே என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். முப்பத்தோரு வருடமாக ஷாக், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க், இந்த வேலை மட்டுமே பார்க்கிறவனுக்குக் கண் முதலில் அங்கேதான் போகும்.

என் மாப்பிள்ளை மீது வழக்கு எழுதியிருக்கிறீர்கள். அதிவேகமாக, அஜாக்கிரதையாக ஓட்டினாராம். அந்த அளவுக்கெல்லாம் அவருக்கு ஓட்ட வராது. எழுபதைத் தாண்டினாலே தோள் இரண்டும் காதுக்கு ஏறிவிடும். செய்தது நான். அந்தப் பெயரும் அவருக்குப் போய்ச் சேர வேண்டாம் என்றுதான் நானாக வந்தேன்.

என் பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஷாக் எதற்கு இருக்கிறது என்றே தெரியாது. ஒருவருக்கு வண்டி மெத்தை மாதிரி இருக்க வேண்டும். இன்னொருவருக்குக் கல் மாதிரி இருக்க வேண்டும். பந்தயக்காரன் வண்டியில் தங்க நிறத்தில் ஃபோர்க்கைப் பார்த்துவிட்டு, தனக்கும் தங்க நிறத்தில் வேண்டும் என்று வந்து நின்ற பல் டாக்டர் ஒருவர் உண்டு. எல்லோரையும் வண்டியில் உட்காரவைப்பேன். ஆள் பாரத்துக்கு வண்டி எவ்வளவு இறங்குகிறது என்று டேப் வைத்து அளப்பேன். ஷாக் என்பது அளவெடுத்துத் தைக்கிற சட்டை. விலை உயர்ந்த துணி என்பதற்காக அடுத்தவன் சட்டையை மாட்டிக்கொண்டு திரிந்தால் ஊர் சிரிக்கும். வண்டி சிரிக்காது, கீழே தள்ளிவிடும்.

இது அந்தப் பல் டாக்டருக்குப் புரிந்தது. மாப்பிள்ளைக்குப் புரியவில்லை.

அவருக்கு அலுவலக வேலை. சுழல் நாற்காலியில் உட்கார்ந்து கொண்டே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்புவார், அதற்குச் சம்பளம். கல்யாணமாகி இரண்டு வருடம். பட்டறையில் என் ஆட்கள் அவருக்கு வைத்த பெயர் வீடியோ மாப்பிள்ளை. இரவு முழுக்க பந்தய வீடியோ பார்ப்பார், காலையில் நமக்குப் பாடம் நடத்துவார். ஒருநாள் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், என் டம்ளரையே எடுத்து வைத்துக்கொண்டு, ஷாக்குக்குள் ஆயில் எப்படி ஓடுகிறது என்று எனக்கே விளக்கினார். என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். மகள் மட்டும் அவரைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டால் நேராகப் பட்டறைக்கு வந்து, டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவள். ஆனால் புருஷன் பேச ஆரம்பித்தால் அவளுக்கு அப்பன் தெரியாது.

போன மாதம் புது ஷாக், புது ஸ்பிரிங் எல்லாம் வாங்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். கூடவே ஒரு தாள். எது எத்தனை மில்லிமீட்டர் என்று அச்சடித்த கணக்கு. முன்பக்கம் இறங்க வேண்டும், பின்பக்கம் ஏற வேண்டும், ஸ்பிரிங் இரண்டு பக்கமும் கெட்டியாக வேண்டும். வழவழப்பான பந்தயத் தளத்துக்கு, எண்பது கிலோ பந்தயக்காரனுக்கு எழுதிய கணக்கு அது. இவர் ஐம்பத்தெட்டு கிலோ. அதுவும் சாப்பிட்ட பிறகு.

"இது உங்க வெயிட்டுக்கு ஒத்துவராது மாப்பிள்ளை. நம்ம ரோட்டுக்கும் ஒத்துவராது. மேடுபள்ளத்துல ஹேண்டில் அடிச்சுக்கும்" என்றேன். பக்குவமாகத்தான் சொன்னேன்.

அப்போது பட்டறையில் மூன்று வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். மாப்பிள்ளை என்னைப் பார்க்கவில்லை, அவர்களைப் பார்த்துச் சிரித்தார். "மாமா பழைய காலத்து ஆளு. வெறும் ஸ்பேனர் பிடிச்சா போதுமா சார், கொஞ்சம் சயின்ஸும் தெரியணும்ல" என்றார்.

மூன்று பேரும் சிரித்தார்கள். அதில் ஒருவர் பதினாறு வருடமாக என்னிடம் வருகிறவர்.

நான் தாளை வாங்கிக்கொண்டேன். அதில் இருந்தது இருந்தபடி செய்தேன். ஒரு மில்லிமீட்டர் கூட்டவில்லை, குறைக்கவில்லை. குரங்கு கையில் பூமாலை கொடுப்பது பாவம் என்பார்கள். குரங்கே பூ, நார் எல்லாம் வாங்கி வந்து, இப்படித்தான் கட்ட வேண்டும் என்று சொன்னால் நான் என்ன செய்வது. மூன்று நாள் வேலை. நல்ல வேலை.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியை எடுக்க இருவரும் சேர்ந்தே வந்தார்கள். வேலை பார்த்தவன் ஓட்டிப் பார்க்காமல் வண்டியைக் கொடுப்பதில்லை. அது என் பட்டறைப் பழக்கம். கிடங்குகளுக்குப் பின்னால் தார் பெயர்ந்த ஒரு வளைவு இருக்கிறது. என் பள்ளிக்கூடம் அதுதான். அறுபது வரைக்கும் வண்டி ஒழுங்காகப் போனது. எழுபதில், வளைவின் நடுவே சின்ன மேடு ஒன்று தட்டியதும் ஹேண்டில் என் கைக்குள் இரண்டு முறை வலது இடது என்று அடித்துக்கொண்டது. பிடிக்கத் தெரிந்தவன் என்பதால் பிடித்தேன். நான் தனியாகப் போயிருந்தேன். பின்னால் இன்னொரு ஆள் உட்கார்ந்தால் முன்சக்கரத்தின் மேல் பாரம் குறையும், அடி இன்னும் பலமாக விழும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு எந்த வீடியோவும் வேண்டியதில்லை.

திரும்பி வந்து வண்டியை நிறுத்தினேன். மாப்பிள்ளை இடுப்பில் கை வைத்து நின்றார். "என்ன மாமா, சயின்ஸ் எப்படி இருக்கு?" என்றார்.

மகள் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "ஓட்டிப் பாத்தியாப்பா? நான் பின்னாடி உக்காரலாமா?" என்றாள்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஓட்டிப் பார்த்துத் திருப்தியானால் வண்டியின் டேங்கில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவேன். வாயால் எதுவும் சொல்வதில்லை. தட்டவில்லையென்றால் வண்டி மறுபடி உள்ளே போகும், யார் வண்டியாக இருந்தாலும். என் ஆட்களுக்குத் தெரியும், பழைய வாடிக்கையாளர்களுக்குத் தெரியும். மாப்பிள்ளைக்குத் தெரியாது, அவர் அதையெல்லாம் கவனிக்கிற ஆள் இல்லை. என் மகளுக்கு ஐந்து வயதிலிருந்தே தெரியும். அவள் கேட்டதற்கு வாயால் பதில் வரும் என்று எதிர்பார்க்கவே இல்லை. என் கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் யோசிக்காமல் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். யோசித்தேன். தட்டாமல் வண்டியை உள்ளே தள்ளினால் மாப்பிள்ளை என்ன சொல்வார் என்று யோசித்தேன். மாமாவுக்குப் பொறாமை, மாமாவுக்குச் செட்டிங் வரவில்லை என்பார். வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்வார். கொடுத்தனுப்பினால் ஒரு வாரத்தில் எங்காவது ஒரு வளைவில் சறுக்கி, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு என் வாசலில் வந்து நிற்பார். பட்டால்தான் புத்தி வரும் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. மகளைப் பற்றியும் யோசித்தேன். பின்னால் உட்கார்கிறவர்களுக்கு அதிகம் அடிபடாது, உருண்டு போய் ஓரமாக விழுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை என்று எனக்குத் தெரியும். முப்பத்தோரு வருடத்தில் எத்தனை நொறுங்கிய வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

டேங்கில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

மகள் சிரித்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தாள். அணை ரோட்டுக்குப் போவதாகச் சொன்னார்கள். அந்த ரோட்டை உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போன மழையில் ஐந்து வளைவிலும் தார் பெயர்ந்து கிடக்கிறது. போய் வாருங்கள் என்றேன். அவளுக்கு இருபத்தாறு வயது முடிய இன்னும் பதினோரு நாள் இருந்தது.

உங்கள் ஆள் எனக்கு ஃபோன் செய்தபோது மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போனேன். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ கேட்டுக்கொண்டே வந்தாள், எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. நீங்கள் என்னை விசாரித்த அன்று, வழியில் என்ன நினைத்தீர்கள் என்று கேட்டீர்கள். ஹேண்டில் எத்தனை வேகத்தில் அடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். எழுபதா, எழுபத்தைந்தா என்று.

நடைபாதைக் கடைசியில், சுவரோரம் ஒரு பெஞ்சில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். தோள்பட்டை எலும்பு முறிந்து கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். சட்டையெல்லாம் ரத்தம். அது அவருடையது இல்லை. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை.

"மாமா, நீங்க அன்னைக்கே சொன்னீங்க. ஹேண்டில் அடிச்சுக்கும்னு சொன்னீங்க. நீங்க சொன்னதுதான் சரி. நான்தான் கேக்கல" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு அதையே சொன்னார்.

உண்மையை எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன். என் நெஞ்சு குளிர்ந்தது. இரண்டு வருடமாக அந்த வாயிலிருந்து வரவேண்டும் என்று நான் காத்திருந்த வார்த்தை அது. அந்த மூன்று வாடிக்கையாளர்களும் பக்கத்தில் நின்று கேட்டிருக்கலாமே என்று தோன்றியது. அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

"பரவாயில்ல மாப்பிள்ளை, இப்பவாவது புரிஞ்சுதே" என்றேன்.

அதற்குப் பிறகுதான் என் மகள் எங்கே என்று கேட்டேன்.