ஏழாவது அடுக்கு

ராத்திரி பதினொன்றரை. பழைய கல்குவாரிக்குப் போகும் ஒற்றைத் தடம்... முன்னால் ஒரு வண்டி இல்லை, பின்னால் ஒரு வெளிச்சம் இல்லை. கிட்ட வந்து உட்காருங்கள். என் சிநேகிதனின் சின்ன மாமனாருக்கு நடந்தது இது. ஜீப் டிரைவர் அவர். பின்சீட்டில் ஒரு புரொபசர்.

கல்லுக்கு வயசு சொல்வது புரொபசரின் உத்தியோகம். தன் வயசை மட்டும் சொல்ல மாட்டார். தலைக்கு அடித்த கறுப்பு மை அதை ஒத்துக்கொள்ளாது. வாயைத் திறந்து மூடும்போதெல்லாம் கீழ்வரிசைத் தங்கப்பல் மேல்பல்லில் இடிக்கும். டிக். அந்த டிக்கையும் நோட்டில் குறித்துக்கொள்கிற சீடகோடிகள் அவருக்கு உண்டு.

முப்பது வருஷம் முன்னால் அந்தக் குவாரிச் சுவரில் கல்லாய்ப் போன சிப்பி ஒன்று கிடைத்தது. பெயர்த்தெடுத்தவர் கல்லுடைக்கிற ஆள். 'சுத்தியல்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"மேலேருந்து மூணாவது அடுக்குல இருந்துச்சு சார்."

மண் படிந்து படிந்து பாறையானதில் மேலே இருப்பது இளசு, கீழே போகப்போகக் கிழம். எந்த அடுக்கோ அந்த வயசு; இது புரொபசர் நடத்துகிற பாடம். மூன்றாவதில் கிடைத்தால் அது நூற்றோடு நூற்றொன்று, சாதாரணச் சிப்பி. ஏழாவது என்றால் பத்துக் கோடி வருஷம். அதன் இனத்துக்கே மூத்தது.

"ஏழாவதுய்யா. நீ படிச்சவனா, நான் படிச்சவனா?" டிக்.

அன்றைக்கும் ஜீப் ஓட்டி வந்து பக்கத்தில் நின்ற இதே டிரைவருக்கு உண்மை தெரியும். வாயைத் திறக்கவில்லை. சிப்பிக்குப் புரொபசர் தன் பெயரையே வைத்துக்கொண்டார். அடுத்த மழையில் பாறை சரிந்து சுத்தியல் உள்ளேயே போனார்... எலும்புகூடக் கிடைக்கவில்லை.

அதற்கப்புறம் ஏழாவது அடுக்கில் யாருக்கும் ஒரு சிப்பி அகப்படவில்லை. விடிந்தால் ஆய்வுக்குழு வந்து சுவரைப் பிளக்கப்போகிறது. ஒன்றும் இல்லையென்றால் புத்தகம், பதவி, பெயர் எல்லாம் காலி. அதற்குத்தான் இந்த ராத்திரிப் பயணம். சட்டைப்பையில் மூன்றாவது அடுக்குச் சிப்பி ஒன்று, கையில் ஒரு டப்பா சிமெண்ட். மகா விஞ்ஞானம்!

டிரைவர் டார்ச் பிடித்தார். மேதை முட்டி போட்டு, ஏழாவது அடுக்கின் வெடிப்பில் சிப்பியைச் செருகிப் பூசினார்.

டொக்... டொக்... டங்!

சுவருக்குள்ளிருந்து. மேலே, மூன்றாவது அடுக்கில்.

"கல்லு சூடு ஆறுது, முட்டாள்." டிக்.

டொக்... டொக்... டங்! நாலாவது. ஈரச் சுண்ணாம்பு வாடை. ஐந்தாவது... ஆறாவது... படி இறங்கி வருகிற மாதிரி.

"சார்... இது சுத்தியல் அண்ணன் கை சார். ரெண்டு மெதுவா, ஒண்ணு ஓங்கி..."

ஏழாவது. புரொபசரின் முகத்துக்கு நேராக. நின்றது.

பத்துக் கோடி வருஷத்தை விரல்நுனியில் வைத்திருந்தவர் ஜீப்புக்கு ஓடின ஓட்டத்தில் செருப்பைக்கூட எடுக்கவில்லை.

காலையில் இஸ்திரி கலையாத கோட்டில் வந்து, "இங்கே பிளந்து பாருங்க" என்று கை காட்டினார். அங்கே வெடிப்பே இல்லை. சிமெண்ட் இல்லை. வழவழவென்று முழுப்பாறை. பிளந்தார்கள்.

உள்ளே கல்லாய்ப் போன ஒரு மனிதத் தாடை. பற்களுக்கு நடுவே சிப்பி. கீழ்வரிசையில் ஒரு தங்கப்பல்.

"எந்த அடுக்கோ அந்த வயசு," என்றாள் குழுத்தலைவி. "உங்க பாடம்தானே சார்?"

டிரைவர் முப்பது வருஷம் கழித்து வாயைத் திறந்தார். "அது மூணாவது அடுக்குச் சிப்பிம்மா. இவருக்குத் தெரியும்."

"பொய்!" என்று புரொபசர் கத்தினார். வாய் திறந்தது, மூடியது. தங்கப்பல் பத்திரமாக அவர் வாயில்தான் இருந்தது.

டிக் என்ற சத்தம் மட்டும்... பாறையிலிருந்து வந்தது.