புத்தகத்தில் அப்படி இல்லை

புத்தகம் படிக்கிறவர்கள் மேல் எனக்கு எந்த வெறுப்பும் கிடையாது ஐயா. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். என் வீட்டிலேயே ஒரு புத்தகம் இருக்கிறது. அது எப்படி வந்தது என்று பிறகு சொல்கிறேன்.

என் பெயர் லுவாசா. கசிரியே படகுத்துறையில் தகரக் கொட்டகை போட்டுப் படம் காட்டுகிறேன். திரையில் இங்கிலீஷில் பேசுவார்கள். நான் பக்கத்தில் மைக்கோடு உட்கார்ந்து அதை எங்கள் பேச்சில் சொல்லுவேன். அப்படிச் சொல்கிறவனை இங்கே விஜே என்பார்கள். உள்ளதை உள்ளபடி சொன்னால் கூட்டம் சேராது, மசாலா வேண்டும். அதனால் கதாபாத்திரங்களுக்கு ஊர்க்காரர்கள் பெயரை வைப்போம். எனக்கு சோடா வாங்கிக்கொடுத்தவர் அன்றைக்குக் கதாநாயகன். வில்லன் யார் என்பது என் இஷ்டம். பெயர் வந்த ஆள் எழுந்து நின்று தலை குனிந்து வணக்கம் சொல்ல வேண்டும், கூட்டம் விசிலடிக்கும். இதற்காக ஒருவரும் கோபித்துக்கொண்டதில்லை. எங்கள் படகு மெக்கானிக் பதினோரு படங்களில் செத்திருக்கிறார், இன்னும் என்னோடுதான் தேநீர் குடிக்கிறார்.

அந்தத் தொடர் பத்துப் பாகம். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஒரு பாகம் போட்டேன். வானத்திலிருந்து ஏரியில் விழுந்த ஏதோ ஒன்று, பெண்ணின் உருவம் எடுத்து ஒரு மீனவர் ஊரில் தனியாகக் குடியிருக்கிறது. அது வந்த பிறகு அந்த ஊர்ப் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பெயர்களை மறக்கிறார்கள், முதலில் நாயின் பெயர், பிறகு அம்மாவின் பெயர். நம் நாட்டு அம்மாள் ஒருவர் எழுதிய நாவல்தான் அது. படம் முடிந்ததும் பத்து நிமிடம் கருத்து நேரம். மைக் பெஞ்சு பெஞ்சாகப் போகும். அத்தனை உயரத்திலிருந்து விழுந்தும் அவள் தலைப்பின்னல் கலையவில்லையே என்று மீன் காயப்போடும் பெண்கள் கேட்டார்கள். நல்ல கருத்துதான். நான் எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொள்வேன், அடுத்த வாரம் அதற்கு ஏற்றபடி சொல்லுவேன். பார்வையாளர் கருத்துக்கு மரியாதை கொடுக்கிற விஜே இந்தக் கரையில் நான் ஒருவன்தான்.

தெயோபிஸ்தா டீச்சர் முதல் பாகத்துக்கே அந்த நாவலோடு வந்தார். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றவர், ஒண்டிக்கட்டை. முன் பெஞ்சில் உட்கார்ந்து மடியில் பக்கத்தைத் திருப்பிக்கொண்டே பார்த்தார். கருத்து நேரத்தில் மைக்கை வாங்கி, "புத்தகத்துல அப்படி இல்ல, லுவாசா," என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை, கத்தவில்லை. எங்கெங்கே நான் சொந்தச் சரக்கைச் சேர்த்தேன் என்று பக்க எண்ணோடு சொன்னார். இரண்டாம் வாரமும் அதேதான். பின் பெஞ்சிலிருந்து ஒருவன், "விஜே, நீ போய்த் தூங்கு. மைக்க டீச்சர் கையில குடு," என்றான். கொட்டகை முழுக்கச் சிரித்தது. எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. அவமானமாக இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

மூன்றாம் பாகத்தில் அந்தப் பெண் முதல்முறையாகக் குடிசைக் கதவைத் திறந்து வெளியே வருகிறாள். நான், "இதோ வந்துட்டாங்க நம்ம தெயோபிஸ்தா டீச்சர்," என்றேன். அப்படி ஒரு விசிலை என் கொட்டகை அதற்கு முன் கேட்டதில்லை. டீச்சரும் சிரித்தார் ஐயா. எழுந்து தலை குனிந்து வணக்கமும் சொன்னார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு நான் பெரிதாக எதுவும் செய்யவில்லை. திரையில் அவள் அதிகம் பேச மாட்டாள், அந்த இடைவெளிகளை நிரப்புவது என் வேலை. "சத்தம் போடாம உக்காருங்க பிள்ளைங்களா" என்று டீச்சர் சொல்கிற மாதிரியே சொல்லவைத்தேன். அவருடைய சின்ன இருமலையும் சேர்த்தேன். குரல் எனக்கு நன்றாக வந்தது. கருத்து நேரத்தில் ஒருத்தி, "டீச்சர் வீட்லயும் விடிய விடிய விளக்கு எரியுதே," என்றாள். அடுத்த வாரம் திரையில் விளக்கு வந்தபோது அதைச் சொன்னேன். "அவங்க ஏரித் தண்ணிய அப்படியே குடிக்க மாட்டாங்க, காய்ச்சித்தான் குடிப்பாங்க," என்றான் இன்னொருவன். அதையும் சொன்னேன். ஒன்றுகூட நானாகச் சொன்னதில்லை, எல்லாம் நோட்டில் இருக்கிறது. ஆறாம் பாகத்தின்போது சிரிப்பு குறைந்திருந்தது. எட்டாம் பாகத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.

அந்த வாரம்தான் படகுக்காரர் கிகோங்கோவின் மகள் நம்பூசிக்குக் காய்ச்சல் கண்டது. ஏழு வயது. மூன்றாம் நாள் பெற்ற தாயைப் பார்த்து, "நீங்க யாரு?" என்று கேட்டாளாம். காய்ச்சல் மூளைக்கு ஏறினால் அப்படி ஆகும் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆனால் அந்தப் பிள்ளை போன மாதம்வரை டீச்சர் வீட்டுத் தின்பண்டத்துக்கு ஓடிக்கொண்டிருந்தவள். போகும்போதெல்லாம் டீச்சர் தலையைத் தடவி அனுப்புவார்.

டீச்சருக்கு மீன் விற்பதை நிறுத்தினார்கள். பிள்ளைகளை அவர் வாசல் வழியாக விடவில்லை. அவர் நம்பூசியைப் பார்க்க மருந்தோடு போனார், கிகோங்கோ கதவைத் திறக்கவில்லை. போகாமல் இருந்தால் கல் நெஞ்சுக்காரி என்றிருப்பார்கள், போனதால் மிச்சத்தையும் எடுக்க வந்தாள் என்றார்கள். பாவம், அவர் எதைச் செய்தாலும் கதைக்குப் பொருந்தியது.

கடைசிப் பாகத்துக்கு நான்கு நாள் முன்பு என் வீட்டுக்கு வந்தார். நான் மட்டோக்கே வாழைக்காய் மசியலும் கடலைக் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"லுவாசா, நான் சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க. நீ சொன்னா கேப்பாங்க. கடைசிப் பாகத்த புத்தகத்துல இருக்கிற மாதிரியே சொல்லிடு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்ப்பா."

"அதுக்கென்ன டீச்சர். கட்டாயம் சொல்றேன். நீங்களும் வந்து உக்காருங்க, உங்க முன்னாடியே சொல்றேன்."

அவர் கண் கலங்கிவிட்டது. புத்தகத்தை என்னிடமே விட்டுப் போனார், கடைசி அத்தியாயத்தில் வாழைச்சருகு வைத்திருந்தார். அன்றே படித்துவிட்டேன். எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரிந்ததே அவரால்தான், நான்காம் வகுப்பில் அவரிடம்தான் கற்றேன். நோய் அந்த ஊர்த் தண்ணீரில் இருந்ததாம். அவள் பிள்ளைகளை ஏரிக்குக் கூட்டிப்போய் நீரில் முக்கி, நோயைத் தன் உடம்பில் வாங்கிக்கொண்டு, தான் மட்டும் அடியில் போய்விடுகிறாள். பிள்ளைகள் எழுந்துவந்து அம்மாவின் பெயரைச் சொல்கிறார்கள். நல்ல முடிவு. படமும் அப்படித்தான் முடிகிறது, எதையும் மாற்றவில்லை.

சனிக்கிழமை கொட்டகைக்கு வெளியிலும் ஆட்கள் நின்றார்கள். டீச்சர் முன் பெஞ்சில் இருந்தார், அவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. கிகோங்கோ அவருக்குப் பின்னால். நான் முதலில் சரியாகத்தான் சொன்னேன். ஆனால் கூட்டத்தின் முகத்தைப் பார்த்தேன் ஐயா. பத்து வாரம் என் குரலையே நம்பி வந்தவர்கள். இப்போது போய், டீச்சர் சொன்னதுதான் சரி, நான் சொன்னது தப்பு என்று எந்த வாயால் சொல்வது? என்னால் முடியவில்லை.

திரையில் அவள் பிள்ளைகளிடம், உங்களுக்கு வலிக்கிறதை என்னிடம் கொடுங்கள் என்கிறாள். நான் டீச்சர் குரலில், "மிச்சம் இருக்கிற உசுரையும் கொண்டாங்க பிள்ளைங்களா," என்றேன். இருமலும் சேர்த்தேன். பிள்ளைகள் முங்கினார்கள், தண்ணீர் மூடிக்கொண்டது. அந்த இடத்தில் படத்தை நிறுத்தினேன். மெஷின் கோளாறு என்று உங்கள் ஆட்களிடம் சொன்னது பொய். என் விரலால்தான் நிறுத்தினேன்.

பிறகு, "கருத்து நேரம்," என்று அறிவித்தேன்.

மைக்கை ஒருவரும் வாங்கவில்லை. டீச்சர் மட்டும் எழுந்து கையை நீட்டினார். கொடுத்திருக்கலாம். மைக் இல்லாமலேயே அவர் சொன்னார். முன் பெஞ்சுக்கு அருகில் இருந்ததால் எனக்குக் கேட்டது. வழக்கமாகச் சொல்கிற அதே மூன்று வார்த்தை. என் பெயரைச் சேர்க்கவில்லை.

கொட்டகையிலிருந்து ஏரிக்கு இருநூறு அடி. அவரை இழுத்துப் போனவர்களோடு நான் போகவில்லை, கை வைக்கவும் இல்லை. பாதி வழியில் அவருடைய ஒரு செருப்பு கிடந்தது என்றார்கள். தண்ணீருக்குள் எவ்வளவு நேரம் பிடித்திருந்தார்கள் என்று என்னைக் கேட்டால் எப்படித் தெரியும்? நான் காலிக் கொட்டகையில் மிச்சப் பதினோரு நிமிடத்தையும் ஓடவிட்டேன். மைக்கில் சொன்னேன், பிள்ளைகள் எழுந்துவருவது, பெயர்களைச் சொல்வது, எல்லாவற்றையும். ஒரு வார்த்தை பிசகவில்லை, அப்படியே புத்தகத்தில் இருக்கிறபடி. கொடுத்த வாக்கை நான் காப்பாற்றாமல் இல்லை.

நம்பூசி திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் கண் விழித்து அம்மாவைக் கூப்பிட்டாளாம். மலேரியாதான். கிகோங்கோ இங்கே லாக்கப்பில் அடுத்த அறையில் சுவரில் தலையை முட்டிக்கொள்கிற சத்தம் எங்களுக்குக் கேட்கிறது. கேட்கச் சகிக்கவில்லை.

என் அறையில் ஆறு பேர். பொழுது போகாமல் கதை கேட்டார்கள், அந்தத் தொடரையே சொல்ல ஆரம்பித்தேன். நேற்று மத்தியானம் இரண்டாம் பாகம். மூலையில் இருக்கிற ஒல்லி மனிதர், சாதுவானவர், கையைத் தூக்கி, "அண்ணே, நான் இத டிவில பாத்திருக்கேன். அது அப்படி இல்லண்ணே," என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குக் கோபம் எதுவும் இல்லை. அவர் பெயரை மட்டும் கேட்டு வைத்துக்கொண்டேன்.