கரடியின் தங்கத் தொப்பி

எனக்குச் சமையல் வராது. நான் வைத்தால் வெந்நீர்கூட அடிப்பிடிக்கும் என்று அக்கா சொல்வாள். நீங்கள் அவள் கைக்குப் பயிற்சி கொடுப்பவர். முதல் அறுவைக்குப் பிறகு நன்றாக இருந்த கைக்கு ஏன் இரண்டாவது அறுவையைக் கேட்டு வாங்கினாள் என்று என்னைத் தனியாக உட்காரவைத்துக் கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

அந்தச் சமையல் விளையாட்டு உங்களுக்கு நினைவிருக்கும். உள்ளங்கை அகலக் கருவி, கூடவே ஒரு சின்னக் குச்சி. குச்சியால் திரையைத் தொட்டு வெங்காயம் நறுக்க வேண்டும், மாவு பிசைய வேண்டும், முட்டை உடைக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு குட்டி ஆட்டம். நன்றாகச் செய்தால் திரையில் வரும் கரடி தங்கத் தொப்பி கொடுக்கும். சொதப்பினால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். விரலுக்கு நல்லது, ஆடட்டும் என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

அக்கா ஓட்டல் சமையலறையில் கத்தி வழுக்கி உள்ளங்கையை அறுத்துக்கொண்டவள். முதல் அறுவையில் போட்ட தையல் ஆறிய பிறகும் கத்தியைத் தொடப் பயந்தாள். அவளே ஒரு விதி வைத்துக்கொண்டாள்.

"கரடி எல்லா ஆட்டத்துலயும் தங்கத் தொப்பி குடுக்கட்டும். அப்புறம்தான் கத்தியத் தொடுவேன்."

இருவரும் சிரித்தோம். ஆனால் அவள் விதி வைத்தால் மீற மாட்டாள்.

ஒரு பயணிகள் கப்பல் அவளைத் தலைமைச் சமையல்காரியாகக் கூப்பிட்டிருந்தது. கை குணமாகும்வரை காத்திருப்பதாகவும் சொல்லியிருந்தார்கள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். வீட்டுக்காரரிடம் பேசுவது, குழாய் ரிப்பேர்காரரிடம் பேரம், வாசல் மணி அடித்தால் போவது, எல்லாம் அக்கா. என் தொலைபேசி அடித்தால்கூட அவள்தான் எடுப்பாள்.

"நான் போனா நீயே பேசிப் பழகிக்குவடி, விஞ்ஞானி. தண்ணியில தூக்கிப் போட்டா நீச்சல் தன்னால வரும்."

தண்ணீரில் போட்ட எல்லாருக்கும் வருவதில்லை. இதை நான் அவளிடம் சொல்லவில்லை.

ஆய்வுக்கூடத்தில் என் வேலை தராசுகளைச் சரிபார்ப்பது. அந்தக் கருவியிலும் அப்படி ஒரு வசதி உண்டு. திரையின் மூலைகளில் சின்னச் சிலுவைக் குறிகள் வரும். அவற்றின் நடுவில் தொட வேண்டும். எங்கே தொடுகிறோமோ அதுதான் நடு என்று கருவி நம்பிக்கொள்ளும். அக்கா குளிக்கப் போயிருந்தபோது ஒவ்வொரு குறிக்கும் மயிரிழை இடப்பக்கம் தொட்டேன். அவ்வளவுதான் செய்தேன்.

"வெங்காயத்த வெட்டுன்னா பலகைய வெட்டுதுடி என் கை," என்றாள் அன்று.

அக்கா கெட்டிக்காரி. ஒரே பக்கம் விலகினால் அவள் கை சீக்கிரம் பழகிவிடும். அதனால் அவள் தேறும்போதெல்லாம் பக்கத்தை மாற்றினேன். இதில் உழைப்பு என்று சொன்னால் அது ஒன்றுதான். பெரிதாகவும் விலக்கவில்லை. பெரிய பிழை என்றால் கருவியைச் சந்தேகிப்பார்கள். சின்னப் பிழை என்றால் தன்னைத்தான் சந்தேகிப்பார்கள். ஆய்வுக்கூடத்தில் தினம் பார்ப்பதுதான்.

ஒரு நாள் அவளுக்கும் சந்தேகம் வந்தது.

"நாள் பூரா அடுப்படியில நின்னவளப் பாத்து ஒரு கரடி சிரிக்குது. இந்த டப்பாலதான் கோளாறு. எங்க, நீ ஆடு பாப்போம்."

எந்தப் பக்கம் எவ்வளவு விலகியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த அளவு தள்ளியே தொட்டேன். வெங்காயம் சீராக விழுந்தது. முட்டை ஓடு உள்ளே விழாமல் உடைந்தது. கரடி எனக்குத் தங்கத் தொப்பி கொடுத்து ஒரு சுற்று ஆடியது.

"வெந்நீர் வைக்கத் தெரியாதவளுக்குத் தங்கத் தொப்பி," என்று சிரித்தாள். பிறகு தன் கையை, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் போலப் பார்த்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை. அடுத்த தடவை கொஞ்சம் குறைவாகத்தான் விலக்கினேன்.

நீங்கள் அவளை உங்கள் மெஷினில் அழுத்தச் சொன்னீர்கள், கிள்ளச் சொன்னீர்கள், குண்டூசி பொறுக்கச் சொன்னீர்கள். கை சரியாகிவிட்டது என்றீர்கள். "உங்க மெஷின் சொல்லுது மேடம், கை கேக்கலையே," என்று அவள் சொன்னபோது நானும் அங்கேதான் இருந்தேன். அறுவை மருத்துவரைப் பார்த்தோம். உள்ளே தழும்பு நரம்போடு ஒட்டியிருக்கலாம், திறந்துதான் பார்க்க வேண்டும், உறுதி சொல்ல முடியாது என்றார். அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லுடி. நீதானே படிச்சவ."

வெளியாள் எதிரில் எனக்குப் பேச்சு வராது. அது அவளுக்கே தெரியும். வழக்கம்போல எனக்கும் சேர்த்து அவளே பேசினாள்.

"பண்ணிடுங்க டாக்டர்."

அதன் பிறகு சீழ் பிடித்தது உங்களுக்குத் தெரியும். இரண்டு விரல்கள் மடங்கவில்லை. கப்பல் வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டது.

அவள் மருத்துவமனையிலிருந்து வருவதற்குள் சிலுவைக் குறிகளை நட்ட நடுவில் தொட்டு வைத்துவிட்டேன், தராசுக்குச் செய்வதுபோலவே. இப்போதும் காலையில் ஆடுகிறாள். கரடி சிரிக்கிறது. அது சரியான சிரிப்புதான். அதற்குப் பிறகு நான் அவளை ஒரு தடவைகூட ஏமாற்றவில்லை.

சமையல் இப்போது நான்தான். அவள் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்லச் செய்கிறேன். பரவாயில்லை என்கிறாள். வாசல் மணி அடித்தால் அவள் போகிறாள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். அக்காவுக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தால் நீங்களே சொல்லிவிடுங்கள். எனக்கு அவ்வளவாகப் பேச வராது.