வயிறு தெரியாத மாசம்

சேலம் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கும் இடமில்லை. முன்னால் ஒரு பெண் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து நின்றாள்.

"பஸ் நின்னாலும் எனக்கு மட்டும் ஓடிட்டே இருக்குதுங்க்கா," என்றாள், பக்கத்தில் நின்ற அம்மாளிடம்.

"மசக்கையா சாமி?"

"ஆமாங்க. செவுத்தப் புடிச்சுட்டுத்தான் பல்லு வெளக்கறேன். தறிகிட்ட நின்னா தரையே ஆடுது."

அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தவர்கள் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க, இந்தப் புள்ள..."

"வேண்டாங்க்கா. மூணு மாசம் முடியாம வெளிய சொல்லப்படாதுன்னு மாமியா சொல்லிப்போட்டாங்க."

"அப்பறம்?"

"அப்பறம் வயிறே சொல்லிரும். எல்லாரும் எந்திரிச்சு எடங் குடுப்பாங்க. அன்னைக்கு மசக்கை அடங்கி நான் நல்லாவே நிப்பேனுங்க."