வினிகர் கோழை இல்ல

சுதா: இல்ல சார்... உங்க வினிகர் தப்பு!

ஹேமநாதன்: தமிழ் வாத்தியார் எழுதுன நாடகத்துல கெமிஸ்ட்ரி டீச்சர் தப்பு கண்டுபுடிக்கிறீங்களா? வலிமை குறைந்த அமிலம்னு புக்குலயே கீது. அதான் கோழையாக்கிட்டேன்.

சுதா: ஐயோ! நாளைக்குப் பசங்க மேடையில அப்படியே பேசிடுவாங்க! சரி, ஹைட்ரோகுளோரிக் எப்படி?

ஹேமநாதன்: வாயாடி. தண்ணியில எறங்குன ஒடனே உள்ள இருக்குறத மொத்தமா கொட்டிடுவான்.

சுதா: கரெக்டு! வினிகர்?

ஹேமநாதன்: கொஞ்சூண்டு சொல்லிட்டு மீதிய உள்ளயே பூட்டி வச்சுப்பான். பயந்தாங்கொள்ளி...

சுதா: அங்கதான் கோட்ட விட்டீங்க! காரம் வந்து கேக்க கேக்க அவனும் குடுத்துகினே இருப்பான் சார். ரெண்டு பேரையும் ஒரே அளவு எடுத்தா, கடைசியில குடுக்குறதும் ஒரே அளவுதான்!

ஹேமநாதன்: அட! அப்போ அவன்கிட்ட யாரும் கேக்கல, அவ்ளோதான்! பேனா... பேனா குடுங்க மேடம்! கடைசி சீனே மாறுது!

சுதா: சீக்கிரம் எழுதுங்க. ஞாயித்துக்கெழம என்னப் பொண்ணு பாக்க வராங்க, பொடவ எடுக்க நான் கெளம்பணும்.

ஹேமநாதன்: வினிகர் மேடைக்கு நடுவுல வந்து... வந்து...

சுதா: ஏன் நின்னுட்டீங்க?

ஹேமநாதன்: மை தீந்துடுச்சு.

சுதா: காலையிலதான் வாங்குனேன். இன்னா சார்?

ஹேமநாதன்: ஒண்ணுமில்ல... எனக்கும் ஞாயித்துக்கெழமதான். மாங்காடு கோயில்ல ஒரு பொண்ணப் பாக்கணுமாம்.

சுதா: எப்படி இருப்பாங்க?

ஹேமநாதன்: அம்மா அனுப்புன போட்டோவத் தொறக்கவே இல்ல. பேரு சொல்ல வந்தாங்க, காதப் பொத்திகினேன்.

சுதா: ஏன்?

ஹேமநாதன்: ஏன்னா... இன்னா மேடம், நீங்கதான் காரமா?

சுதா: ஆமா. பாத்திரம் பேசறத நம்பாத, செய்யறதப் பாருன்னு நடத்துறீங்களே. அண்ணனூர்ல எறங்க வேண்டிய ஆளு தெனம் என்கூட அம்பத்தூர் வரைக்கும் வந்துட்டு, அடுத்த ட்ரெயின்ல திரும்பிப் போறாரு. ஏன்?

ஹேமநாதன்: அங்க... ஒரு வேல...

சுதா: இன்னா வேல?

ஹேமநாதன்: உங்கள ஊட்டு ரோடு வரைக்கும் கண்ணால பாத்துட்டுப் போற வேல! போதுமா? உசுரு போவுது சுதா... ஞாயித்துக்கெழம வர்றவனுக்கு சரின்னு சொல்லிடாதீங்க!

சுதா: சொல்லிட்டேனே! தரகர்கிட்ட உங்க பேரக் குடுத்ததே நான்தான். அந்த போட்டோவத் தொறங்க சார்... பச்சப் பொடவ, எங்க அக்கா கல்யாணத்துல எடுத்தது.