கஸ்தூரி வாடை

நான் யாரையும் குறை சொல்லிப் பழகியவன் அல்ல. இந்த மர்கிலான் ஊரில் எங்கள் மஹல்லாத் தெருக்களில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், ஐயா. உபைதுல்லாவைப் பற்றியும் நல்லதைத் தவிர வேறொரு சொல் என் வாயிலிருந்து வந்ததில்லை.

இருபத்திரண்டு வருடம் எங்கள் பள்ளிவாசலில் பாங்கு சொன்னவன் நான். போன வசந்தத்தில், குரல் நன்றாயிருக்கிறது என்று, பாங்கு சொல்லும் அந்த மோதினார் பொறுப்பை உபைதுல்லாவுக்குக் கொடுத்தார்கள். எனக்குப் பொறாமை இல்லை, அருவருப்புதான். யாராவது "என்ன குரல்" என்றால் போதும், அவன் முகம் ஆட்டுக் கொழுப்பில் புரட்டிய சோறு மாதிரிப் பளபளக்கும்.

ரமலானின் முதல் வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் இமாம், ஒருவனை முகத்துக்கு நேரே புகழ்வது அவன் கழுத்தை முறிப்பதற்குச் சமம் என்று பேசினார். மற்றவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். நான் வீடு வரை அதையே யோசித்துக்கொண்டு நடந்தேன்.

உபைதுல்லாவுக்குச் சர்க்கரை நோய். தினமும் இன்சுலின் ஊசி போட்டாக வேண்டும். நோன்பு உனக்குக் கடமையில்லை என்று டாக்டரும் சொன்னார், இமாமும் சொன்னார். இருந்தும் ஒருநாள் ஆசைக்குப் பிடித்துப் பார்த்தான். நோன்பு திறக்கும் நேரத்தில் நாற்பது பேருக்கு நடுவில் நான் சொன்னேன்: "இவ்வளவு நோயை வச்சுக்கிட்டு பதினேழு மணி நேரம் தாங்குறான்ப்பா. நாமளும் நோன்பு பிடிக்கிறோம்னு சொல்லிக்கவே கூச்சமா இருக்கு." எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். மறுநாளும் பிடித்தான்.

"அண்ணே, ஊசி போட்டா நோன்பு முறியுமா?" என்று என்னிடம்தான் கேட்டான்.

முறியாது என்று இமாம் சொன்னது எனக்குத் தெரியும். "அதெல்லாம் எனக்கெங்க தெரியும் தம்பி. உன் நோன்பு வெள்ளைத் துணி. அதுல எதுக்கு ஒரு புள்ளி?" என்றேன். ஊசியை விட்டுவிட்டான்.

அவன் மனைவி சவோதத் என் வாசலில் வந்து நின்றாள். "நீங்க சொன்னா கேப்பார்ணே. நோன்ப விடச் சொல்லுங்க."

நான் போனேன். அவன் முன்னாலேயே அவளிடம், "கொடுத்து வச்சவ தங்கச்சி நீ. இப்படி ஒரு ஈமான்தாரி யாருக்குக் கிடைப்பான்?" என்றேன். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

தொழுகையில் தோளோடு தோள் நிற்கும்போது அவன் மூச்சில் அழுகிய ஆப்பிள் வாடை அடித்தது. சர்க்கரை நோயில் என் மாமனார் சாவதற்கு முன் அதே வாடைதான். அவன் வெட்கப்பட்டு வாயைப் பொத்தினான். "பொத்தாத தம்பி. நோன்பாளியோட வாய் வாடை அல்லாஹ்கிட்ட கஸ்தூரிய விட மணம்," என்றேன். நபி சொன்ன ஹதீஸ்தான், நான் இட்டுக்கட்டவில்லை.

பத்தொன்பதாம் நோன்பன்று, மாலை அஸர் பாங்கின் நடுவில் சரிந்தான். மீதியை நான் சொல்லி முடித்தேன்.

அவனை அடக்குவதற்கு முன் நடந்த ஜனாஸா தொழுகையில், எங்கள் வழக்கப்படி, இமாம் கூட்டத்தைப் பார்த்து, "இவர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டார். "நல்ல மனுஷன்" என்று முதலில் எழுந்த குரல் என்னுடையது. பிறகு நாலைந்து பேர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கள மாதிரி மனசு யாருக்குண்ணே வரும்," என்றார்கள். இன்னொரு முறை சொல்வார்களா என்று கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. கூடவே இதையும் எழுதுங்கள்: கடைசியாக ஜனாஸாவில் சொன்ன அந்தப் புகழ்ச்சியை நான் அல்லாஹ்வுக்காக மட்டுமே சொன்னேன்.